பொன் விளைந்த ஊர்

கோலார் தங்கவயலின் பொன் நம் வீட்டுப் பெண்டிர் கழுத்தில் ஏறிற்றோ இல்லையோ, அதை வெட்டியெடுத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து சென்ற நம்மவரே. 1880-ல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்க வேலையை மேற்கொண்டனர். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது, எல்லாம் இயந்திரங்களுக்காகத்தான்! தொழிலாளியோ, பாறை தானே வெடித்துச் சிதறும் பாதாளத்தில், இரண்டு மைல் ஆழம் வரை இறங்கி உழைத்தான்.

1956-ல் சுரங்கங்கள் மைசூர் ஸர்க்கார் வசமாயின. 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. வேலையிழந்தோருக்கு ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடிப்பது எளிது. ஒரே தொழிலை நம்பி வளர்ந்த ஊருக்கு வேறு பிழைப்புக்கு வழி செய்வதே கடினம். அந்த ஏற்பாட்டை, லாபம் கொழித்த நாளிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். வெள்ளைக் கம்பெனியாரும் செய்யவில்லை. பின் வந்த நம்மவரும் செய்யவில்லை என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது.

சயனைடு கொண்டு பொன்னைப் பிரித்தபின் கொட்டிய மண், குன்று குன்றாக இன்னும் ஊரையொட்டி நிற்கிறது. காற்றடிக்கும் காலத்தில் அந்தத் தூசி வீடுகளுக்குள் புகுகிறது. சுரங்கத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்புகிறார்கள்.