வாவிக்கரையில் புவியும் வானும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல்நிலம் எழுவான்கரை. வாவிக்கு அப்பால் வயலும் காடும் விரியும் நிலம் படுவான்கரை. ஞாயிற்றின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கொண்டே தம் ஊர்களுக்குத் திசை வகுத்த மக்களிடையே புவியறிவியலும் வானறிவியலும் கற்பிக்கும் கல்லூரி ஆசிரியர், பாடப்பொருளைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. கற்பிக்கத்தக்க அனைத்தும் அவர் நிற்கும் இடத்திலேயே தொடங்குகிறது.

இப்பணிக்கு நம்மிடையே பெருமைமிக்க முன்னோர் உளர். 1892இல் காரைதீவில் தோன்றிய விபுலாநந்த அடிகளை யாழ்நூலின் ஆசிரியராகவே பலரும் அறிவர். துறவு பூணுமுன் அவர் கொழும்பில் அறிவியல் பயின்று 1916இல் பட்டயம் பெற்றார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் கற்பித்தார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியற் பட்டம் பெற்றார். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவரும் அவரே. காரைநகரில் பிறந்த அலன் ஆபிரகாம், யாழ்ப்பாணக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டே 1910இல் தோன்றிய ஹேலி வால்வெள்ளியை ஆராய்ந்தார். 1912இல் இலண்டன் அரச வானியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. வகுப்பறையை விட்டு விலகாமலே ஒருவர் விண்ணை ஆராயலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்றை யான் அறியேன்.

வந்தாறுமூலையில் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கோ, தாளங்குடாவிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரியிலோ இத்துறையைக் கற்பிப்பவர் தம் முதற் பாடத்தை ஏப்ரல் மாத நண்பகலில் வெட்டவெளியில் நடத்துதல் வேண்டும் என்பேன். மட்டக்களப்பு நகரின் அகலாங்கு வடக்கே 7 பாகை 43 கலை. ஏப்ரல் 9ஆம் நாளையொட்டியும் செப்டெம்பர்த் தொடக்கத்திலும் ஞாயிறு இந்நகரின் நேர் உச்சிக்கு வருகிறது. அன்று நண்பகலில் நாட்டிய கோலுக்கு நிழல் இல்லை. அதே நாளில் யாழ்ப்பாண நகரில் 2 மீற்றர் உயரக் கோலுக்கு ஏறத்தாழ 7 சென்றிமீற்றர் நிழல் உண்டு. யாழ் நகரின் அகலாங்கு ஏறத்தாழ 9 பாகை 40 கலை ஆதலின் என்க. இரு நகர்களுக்கும் இடையிலான கோண வேறுபாடு 2 பாகைக்குச் சற்றே குறைவு. நேர்த்தொலைவு ஏறத்தாழ 280 கிலோமீற்றர் ஆயினும், கணக்கிற்கு வேண்டுவது வடக்குத் தெற்கான தொலைவு மட்டுமே; அது ஏறத்தாழ 215 கிலோமீற்றர். இவ்விரண்டு எண்களையும் கொண்டு புவியின் சுற்றளவைக் கணித்தால் விடை 40,000 கிலோமீற்றரை அணுகி நிற்கும். 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரத்தோசுதனீசு செய்ததும் இதுவே.

அளவீட்டில் நேரும் இடர்களே இப்பாடத்தின் உயிர்நிலை. ஞாயிறு ஒரு புள்ளியன்று, அரைப்பாகை அகலமுள்ள வட்டு; ஆதலால் நிழலின் விளிம்பு மங்கித் தெரியும். கோலின் உச்சியில் சிறுதுளையிட்ட தகட்டைப் பக்கவாட்டில் நீட்டிப் பொருத்தி, துளையிலிருந்து தூக்குக்குண்டு இறக்கி அடியைக் குறித்துக்கொண்டு, நிலத்தில் விழும் ஒளிவட்டத்தின் நடுவை அளந்தால் அம்மயக்கம் தீரும். இரண்டு மில்லிமீற்றர் பிழைத்தாலும் சுற்றளவில் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் பிழைக்கும். இரு நகர்களுக்கும் நண்பகலும் ஒன்றன்று; மட்டக்களப்பில் ஞாயிறு உச்சி கடந்து ஏறத்தாழ 7 மணித்துளி சென்றே யாழ்ப்பாணத்தில் உச்சி கடக்கும். இவற்றையெல்லாம் தாமே கண்டு திருத்திய மாணவர் அறிவியல் என்பது யாதென்று அறிந்தவராவர்.

இரவில் அவர்களைக் கல்லடிக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லலாம். வடமீன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 8 பாகை உயரத்திலேயே நிற்கும்; தென்சிலுவையோ தெற்கே தெளிவாக எழும். வட நாடுகளில் எழுதப்பட்ட வானியல் நூல்களின் வான்படங்கள் இங்குப் பொருந்தா. நம் அகலாங்கிற்கு உரிய படங்களை நம் ஆசிரியரே வரைதல் வேண்டும்.

நிலத்தடியிலோ விசயன் தொகுதிப் பாறைகள். நூறு கோடி ஆண்டுத் தொன்மையுடையன; கொண்டுவானாப் பெருநிலத்தில் இன்றைய அந்தாட்டிக்காவின் அண்டையில் இருந்தவை. படுவான்கரையில் தனித்து உயர்ந்து நிற்கும் குடும்பிமலை, சுற்றியுள்ளவை தேய்ந்தபின் எஞ்சிய அப்பாறையே.

வாவி அப்பாறைகளோடு ஒப்பிட மிக இளையது. கடலலை கொணர்ந்த மணல் திரண்டு கடலை அடைக்க, உள்ளே தங்கிய நீரே வாவியாயிற்று. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் அது கடலோடு கலக்கிறது. கோடையில் மணல்திட்டு வாயை மூடும். வடகீழ்ப் பருவமழை பெருகும்போது நீர்மட்டம் உயர்ந்து வயல்கள் மூழ்கும். அப்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவர். எப்போது வெட்டுவது என்பதில் உழவரின் நலனும் மீனவரின் நலனும் மாறுபடும். உவர்நீரின் அளவு மாறினால் இறாலும் மீனும் மாறும். அம்முடிவை எடுப்போர் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் நாள்தோறும் அளந்த குறிப்புகளோடு அமர வேண்டும். அவ்வளவீடு கல்லூரி மாணவருக்கு ஏற்ற பணி.

2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலையைப் பற்றிக் கற்பிப்பது இப்பணியில் யாவற்றினும் கடினமானது; விடக்கூடாததும் அதுவே. சுமாத்திராவின் மேற்கே, அன்றைய இலங்கை நேரப்படி காலை 7 மணியை அணுகும் வேளையில், 9.1 அளவுடைய நிலநடுக்கம் நிகழ்ந்தது. ஆழிப்பேரலையின் விரைவைத் தருவது கடலின் ஆழம். 4,000 மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர். இலங்கையின் கிழக்குக் கரைக்கு அவ்வலை வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணிநேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணிநேரத்தில் எச்சரிக்கை எதுவும் எழுவான்கரை ஊரான நாவலடியின் மக்களை எட்டவில்லை. முன்னே கடல், பின்னே வாவி, இடையே தாழ்ந்த மணல்நிலம். ஓடிச்சென்று ஏற மேடில்லை.

கடல் உள்வாங்கினால் ஓடுக என்று நூல்கள் கூறும். அது மெய்யே, ஆனால் முழுமையன்று. பிளவின் மேற்குப் புறத்தில் கடலடி உயர்ந்தமையால் நம்மை நோக்கிப் பரவிய அலையின் முன்பகுதி முகடாக இருந்தது. தாய்லாந்தை நோக்கிப் பரவியதன் முன்பகுதி அகடாக இருந்தது. எனவே உள்வாங்கும் கடலுக்காகக் காத்திருப்பவர் நம் கரையில் ஏமாற நேரலாம். முதல் அலை சிறிதாயினும் அதுவே எச்சரிக்கை என்று உணர்ந்து விலகுதல் வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை விளக்க நிலத்தட்டு, பிளவு, அலை மூன்றும் அறிந்த ஆசிரியர் தேவை. அத்தகையோர் ஒவ்வொரு கரையோரக் கல்லூரியிலும் இருத்தல் வேண்டும்.

ஆகவே, புவியியலிலும் இயற்பியலிலும் பட்டம் பெற்று நிற்கும் இளையோரை வேண்டுகிறேன்: இத்துறையைக் கற்பிக்க முன்வாருங்கள். வந்தாறுமூலையிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள பல்கலைக்கழக ஆசிரியர்கள் வரும் ஏப்ரல் 9ஆம் நாள் தத்தம் மாணவரோடு ஒரே அளவுக் கோலை நாட்டி, இரு அளவீடுகளையும் ஒப்பிட்டுப் புவியின் சுற்றளவைக் கண்டு, அக்கணக்கை இரு மாகாணப் பள்ளிகளுக்கும் அனுப்பி உதவுக.