காக்க வந்த செல்களே கண்ணைக் கெடுத்தால்?

இரத்த வெள்ளையணுக்கள் உடலின் படைவீரர்கள் என்று வகுப்பில் கற்பிக்கிறோம். “போர் நடந்த இடம் என்ன ஆகும், சார்?” என்று ஒரு மாணவர் கேட்டால் என்ன சொல்வது? கண்ணில் தோன்றும் ஒரு நோய் அதற்கு விடை தருகிறது.

கண்ணின் முன்புறம் உள்ள கார்னியா ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் உடையது. அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. கொலாஜன் இழைகள் சீராக அடுக்கப்பட்டுள்ளன. அதனால்தான் அது ஒளி ஊடுருவும் தன்மையுடன் இருக்கிறது.

உதட்டில் கொப்புளங்களை உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வகை 1 வைரஸ், பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றுகிறது. பின்னர் முகத்தின் உணர்வு நரம்பு முடிச்சில் வாழ்நாள் முழுவதும் உறங்கிக் கிடக்கிறது. சிலருக்கு அது மீண்டும் விழித்து, நரம்பு வழியே கார்னியாவை அடைகிறது. மேற்பரப்பு செல்களில் அது பெருகும்போது, மரக்கிளை போன்ற வடிவில் புண் தோன்றும். இங்கே சேதம் செய்வது வைரஸ்தான்.

நடு அடுக்கான ஸ்ட்ரோமாவில் கதை வேறு. வைரஸை இனங்கண்ட டி லிம்ஃபோசைட்டுகள் சைட்டோகைன்களைச் சுரக்கின்றன. அவற்றின் அழைப்பில் நியூட்ரோஃபில்கள் திரண்டு வருகின்றன. அவை வெளியிடும் நொதிகள் கொலாஜன் இழைகளையும் சிதைக்கின்றன. புதிய இரத்தக் குழாய்கள் உள்ளே வளர்கின்றன. அவற்றின் வழியே மேலும் செல்கள் வருகின்றன. இறுதியில் எஞ்சுவது வெண்ணிற வடுவும் மங்கிய பார்வையும்தான். தீயை அணைக்க அடித்த தண்ணீரே வீட்டிலுள்ள புத்தகங்களைப் பாழாக்குவது போன்றது இது.

எலிகளில் நடந்த ஆய்வுகளும் இதையே காட்டின. டி லிம்ஃபோசைட்டுகள் இல்லாத எலிகளின் கண்ணில் வைரஸ் பெருகியும் ஸ்ட்ரோமா நோய் தோன்றவில்லை; அச்செல்களைச் செலுத்தியபின் தோன்றியது. அதற்காக அச்செல்கள் வேண்டாதவை என்று கொள்ளக் கூடாது. அவை இல்லாத எலிகளால் வைரஸைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

எனவே ஸ்ட்ரோமா நோய்க்கு, வைரஸை அடக்கும் மருந்தோடு அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தையும் மருத்துவர் அளவோடு தருகிறார். அதே ஸ்டீராய்டை மேற்பரப்புப் புண்ணுக்கு மட்டும் தனியே இட்டால் வைரஸ் பரவிப் புண் பெரிதாகும். இரண்டிலும் கண் சிவக்கும். கண் மருத்துவர் கருவி கொண்டு பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

சிவந்த கண்ணோடு வலியும் வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுவதும் பார்வை மங்கலும் ஒரு மாணவருக்கு இருந்தால், “மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விடுங்கள்” என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள். அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் ஒரு பிள்ளையின் பார்வையைக் காக்கக்கூடும்.