கிங்ஸ்ரன் சிறையும் 29 அங்குல அறைகளும்

ரொறன்ரோவிலிருந்து கிழக்கே இரண்டரை மணி நேர ஓட்டத்தில் உள்ளது கிங்ஸ்ரன் நகரம். அங்கே ஒன்ராறியோ ஏரிக்கரையில் சுண்ணாம்புக் கல்லாற் கட்டிய உயர்ந்த மதில் ஒன்று நிற்கிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகளுடன் அதைப் பார்க்கச் சென்றிருந்தோம். அரண்மனையா என்று கேட்டாள் எங்கள் சின்னவள். மறியல் வீடு என்றோம். "கனடாவிலும் மறியல் இருக்குதோ?" என்று அடுத்த கேள்வி வந்தது.

1835 யூன் 1ஆம் திகதி 6 கைதிகளுடன் திறக்கப்பட்ட சிறை இது. 2013 செப்டெம்பர் 30 இல் மூடப்பட்டு, பின்னர் பார்வையாளருக்குத் திறந்துவிடப்பட்டது.

தொடக்க காலத்து அறையின் அகலம் 29 அங்குலம். நீளம் 8 அடி, உயரம் 6 அடி 7 அங்குலம். உங்கள் வீட்டுக் குளியலறைக் கதவை ஒருமுறை அளந்து பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். படுத்தவர் புரண்டாற் சுவர். மலசலத்துக்கு ஒரு வாளி. காலையில் அதைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

அந்த நெருக்கத்தைக் காட்டிலும் கொடியதாக எமக்குப் பட்டது வாய்ப்பூட்டு விதி. பகல் முழுவதும் ஒன்றாக வேலை செய்தாலும் கைதிகள் தமக்குள் பேசக் கூடாது. சிரிக்கவோ, கண் சிமிட்டவோ, தலையசைக்கவோ கூடாது. மீறினாற் சவுக்கு. இவ்விதி சிறுவருக்கும் பொருந்தியது! 8 வயது அந்துவான் போஷே ஒன்பது மாதங்களுள் 47 தடவை உடல் தண்டனை பெற்றான். லஃப்லர் என்ற 11 வயதுப் பிரெஞ்சுக் கனடியச் சிறுவனுக்கு 1844 இல், கிறிஸ்மஸுக்கு முதல் நாள், 12 அடி. குற்றம்? பிரெஞ்சு பேசியது. வேற்றுமொழிப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வீட்டிலாவது தமிழ் பேசட்டும் என்று பாடுபடும் நாம் இந்த இடத்தை இலகுவிற் கடந்துவிட முடியாது.

இவையெல்லாம் வெளியே வந்தது 1848 இல் அரசு அமைத்த விசாரணைக் குழுவினால். அதன் செயலாளர் 'குளோப்' பத்திரிகையை நடத்திய ஜோர்ஜ் பிரவுண். 1849 இல் அறிக்கை வெளியானது. சிறை அதிபர் ஹென்றி ஸ்மித் பதவியிழந்தார். சவுக்கடியைக் கண்டித்த அறிக்கையால் அறைகள் மட்டும் அகலவில்லை. சுவர்களை இடித்துப் பெருப்பிக்கும் வேலை 1890களிற்தான் தொடங்கியது.

ஆகவே இன்று போகிறவர்கள் காண்பது பின்னாளில் அகலமாக்கிய அறைகளை. அவையே எமக்கு ஒடுக்கமாகத்தான் பட்டன.