பவர்ஃபுல் எல்.இ.டி டார்ச் சில நிமிஷத்திலேயே மங்குவது ஏன்? உள்ளே இருக்கும் சின்ன தட்டில்தான் விஷயம்!

புது டார்ச்சை ஆன் செய்ததும் தெருக்கோடி வரை வெளிச்சம் பாய்கிறது. ஆனால் சில நிமிஷத்தில் வெளிச்சம் குறைந்து, கைப்பிடியும் சுடுகிறது. 'அதுக்குள்ள பேட்டரி போச்சா?' என்று பதற வேண்டாம். பெரும்பாலும் இது வெப்பத்தின் வேலை.

எல்.இ.டி சூடாகாதுன்னு சொல்றாங்களே?

அது பாதிதான் உண்மை. பழைய குண்டு பல்பு, தன் சூட்டில் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக வெளியே வீசிவிடும். எல்.இ.டி வெளிச்சத்தில் அந்தச் சூடு இல்லை. ஆனால் அதிக பவரில் எரியும்போது, உள்ளே போகும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் வெப்பமாக மாறி சிப்பிலேயே தேங்குகிறது. அது வெளியேற ஒரே பாதைதான்: சிப், அதன் அடியில் உள்ள சர்க்யூட் போர்டு, டார்ச்சின் உலோக உடல், பிறகு காற்றும் உங்கள் கையும்.

போர்டில் அப்படி என்ன வித்தியாசம்?

கம்ப்யூட்டர் மதர்போர்டில் இருப்பது கண்ணாடி இழை போர்டு. அதன் வெப்பக் கடத்துத்திறன் வெறும் 0.3 அளவுதான். அலுமினியத்துக்கு இது சுமார் 200, செம்புக்கு சுமார் 400. அதனால்தான் பவர்ஃபுல் டார்ச்களில் எல்.இ.டி-க்கு அடியில் உலோகத் தட்டு போர்டு வைக்கிறார்கள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. உலோகம் மின்சாரத்தையும் கடத்தும். ஷார்ட் ஆகாமல் இருக்க, செம்புத் தடத்துக்கும் தட்டுக்கும் நடுவே சுமார் 0.1 மி.மீ. தடிமனில் ஒரு காப்புப் படலம் இருக்கும். அதன் கடத்துத்திறன் பொதுவாக 1 முதல் 3 வரைதான். அகலமான ரோட்டுக்கு நடுவில் ஒத்தையடிப் பாலம் மாதிரி!

ஒரு கணக்கு போடுவோம். 10 சதுர மி.மீ. பரப்பு வழியாக 7 வாட் வெப்பம் போகிறது, படலத்தின் கடத்துத்திறன் 2 என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் பக்கவாட்டில் பரவுவதை விட்டுவிட்டால், அந்த மெல்லிய படலத்திலேயே 35 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் வந்துவிடும்.

தீர்வு என்ன?

பல எல்.இ.டி-களில் நடுவில் இருக்கும் பட்டையில் மின்சாரம் ஓடாது. வெப்பத்தைக் கடத்துவது மட்டுமே அதன் வேலை. அந்த இடத்தில் காப்புப் படலத்தை எடுத்துவிட்டு, பட்டையை நேராகச் செம்புத் தட்டிலேயே சால்டர் செய்கிறார்கள். மேலே போட்ட அதே கணக்கில், 35 டிகிரி இப்போது ஒரு டிகிரிக்கும் கீழே வந்துவிடும்.

அப்புறமும் ஏன் மங்குது?

போர்டு வெப்பத்தைக் கடத்தும், அழிக்காது. சின்ன உடல் கொண்ட டார்ச் சீக்கிரமே சூடேறிவிடும். சிப் அதிகம் சூடானால் வெளிச்சமும் ஆயுளும் குறையும். அதனால் பல டார்ச்கள் சென்சார் அல்லது டைமர் மூலம் பவரைத் தானாகக் குறைக்கின்றன. அதிக பவரில் எரியும் டார்ச்சின் உடல் சுடவே இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்: சூடு உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கலாம்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

அட்டையில் 'எஃப்.எல்.1' தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த முறையில், ஆன் செய்து 30 விநாடி முதல் 2 நிமிஷத்துக்குள் லூமன் அளவை எடுப்பார்கள். எரியும் நேரம் என்பது, வெளிச்சம் 10 சதவீதமாகக் குறையும் வரையிலான நேரம். ஆகவே பெரிய லூமன் எண் முழு நேரத்துக்கும் கிடைக்காது.

முக்கியமாக, அதிக பவரில் எரியும் டார்ச்சை மெத்தையில் கவிழ்த்தோ, பைக்குள்ளோ வைக்காதீங்க. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.