தாதியர் குறைந்தால்…

சத்திரசிகிச்சை முடிந்த நோயாளியை வைத்தியர் நாளுக்கு ஓரிரு தடவையே பார்க்கிறார். மற்ற வேளையெல்லாம் அருகில் இருப்பவர் தாதியே. மூச்சு விரைவதையும், சிறுநீர் குறைவதையும், பேச்சுத் தடுமாறுவதையும் முதலில் காண்பவரும் அவரே. ஒரே தாதி பத்துப் பேரைக் கவனிக்க நேர்ந்தால் இவ்வறிகுறிகள் கண்ணிற் படாமற் போகும்.

இது வீண் அச்சமன்று. ஐரோப்பாவின் 9 நாடுகளில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சை நோயாளரைப் பற்றிய ஆய்வொன்று 2014இல் 'லான்செட்' சஞ்சிகையில் வெளியாயிற்று. ஒரு தாதியின் பொறுப்பில் மேலும் ஒரு நோயாளி கூடினால், 30 நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்வதாக அது காட்டிற்று.

2023இல் உலகில் 58 இலட்சம் தாதியர் குறைவாயிருந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. செல்வந்த நாடுகள் வெளிநாட்டுத் தாதியரை அழைத்து இக்குறையை நிரப்புகின்றன. அதனால் வறிய நாட்டு வைத்தியசாலைகள் வெறுமையாகின்றன.

இங்கு விக்டோரியா மாநிலம் வேறு வழியும் கண்டது. பெரிய அரசாங்க வைத்தியசாலைகளின் சாதாரண வாட்டுகளில் பகலில் 4 நோயாளருக்கு ஒரு தாதி என்ற விகிதம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. வேலைப்பளு தாங்காது விலகியிருந்த பலர் திரும்பி வந்தனர். 2015இல் அவ்விகிதம் சட்டமாயிற்று. புதியவரைச் சேர்ப்பது போலவே இருப்பவரைக் காப்பதும் அவசியம் என்பதே இதன் பாடம்.

பிள்ளை வைத்தியராக வேண்டுமென விரும்பாத தமிழ்ப் பெற்றோர் அரிது. தாதியாக விரும்பும் மகளையோ மகனையோ அவர்கள் தடுக்காதிருப்பின், அதுவும் ஓர் உயிர்காக்கும் தொண்டாகும்.