பாலாற்றுப் படுகையில் சோயா மொச்சை: விதைக்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள்

சோயா மொச்சையில் 100-க்கு 40 பங்கு புரதமும் ஏறத்தாழ 20 பங்கு எண்ணெயும் உள்ளன. எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் புண்ணாக்கு கோழித் தீவனத்தில் முக்கிய இடம் பெறுகிறது. காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளின் மூலம் பெறுவதால் இப்பயிருக்கு யூரியாத் தேவையும் குறைவு. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை பகுதி உழவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது கிணற்று நீரையே.

உப்பு எங்கிருந்து வந்தது?

பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பிடுகிறார்கள். பதனிடும்போது அந்த உப்பு கழிவுநீரில் கலந்து, பல கிணறுகளையும் நிலங்களையும் கெடுத்துவிட்டது. மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்தது. எனினும் மண்ணில் சேர்ந்த உப்பு எளிதில் நீங்குவதில்லை.

நீர்ப் பரிசோதனை

வளர்ந்த சோயா ஓரளவு உப்பைத் தாங்கும். முளைப்பும் வேர் முடிச்சும் உப்பினால் பாதிக்கப்படும். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அந்நீரிலேயே கழுவிய பாட்டிலில் மாதிரி எடுங்கள். மண் மாதிரியுடன் அதைப் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புங்கள். விரிஞ்சிபுரம் வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம். மின் கடத்தும் திறன் 0.7 டெசி சைமனுக்குக் குறைவாயின் உப்பைப் பற்றிய அச்சம் இல்லை. 0.7 முதல் 3 வரை இருந்தால் நல்ல வடிகால் வேண்டும். 3-க்கு மேற்பட்டால் அந்நீரை நம்பிச் சோயா விதைக்க வேண்டாம். பக்கத்துக் கிணற்றின் முடிவு உங்கள் கிணற்றுக்குப் பொருந்தாது.

விதையும் நுண்ணுயிரும்

சோயா விதை விரைவில் முளைப்புத்திறனை இழக்கும். 100 விதைகளை ஈரச்சாக்கில் சுற்றி வைத்துப் பாருங்கள். 70-க்குக் குறையாமல் முளைக்க வேண்டும். சோயா விளையாத புது நிலத்தில் இதற்கென உள்ள ரைசோபியம் இராது. எனவே சோயாவுக்குரிய ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்திற்குள் விதையுங்கள். வரிசை இடைவெளி 30 செ.மீ. இருக்கட்டும். 35-ஆம் நாள் வாக்கில் ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அதுவே முடிச்சு வேலை செய்வதற்கு அடையாளம்.

விற்பனை

நம் நாட்டில் சோயா பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்திலும் மகாராட்டிரத்திலும் விளைகிறது. ஆலைகளும் அங்கேயே மிகுதி. சில மூட்டைகளை மட்டும் தனியே விற்பது கடினம். ஆகவே வாங்குபவரைக் கண்டறிந்த பின், முதல் பருவத்தில் சில சென்ட் நிலத்தில் மட்டும் விதைத்துப் பார்த்து, பலன் கண்டபின் பரப்பைக் கூட்டுங்கள்.