பொருள்களின் ஆயுள் – 9: பீரோவில் மூப்படையும் பேட்டரி

கிணற்று மோட்டாரின் சுருள்களை வெப்பம் எவ்விதம் அரிக்கிறது என்பதைச் சென்ற வாரம் விசாரித்தோம். அதே வெப்பம் மடிக்கணினியின் பேட்டரியில் செய்யும் வேலை இந்த வாரத்து விஷயம்.

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பயனாக, மஞ்சளும் குச்சிக்கிழங்கும் பயிரிட்டுப் பிழைக்கும் நாமகிரிப்பேட்டை வட்டாரத்துக் குடியானவர் இல்லங்களிலும், அதுவரை கணினியைப் பிறர் மேசையில் மாத்திரமே கண்டிருந்த பிள்ளைகளின் கைகளில், சொந்தமாக ஒரு கணினி வந்து சேர்ந்தது. அருமையாகக் கிடைத்த பொருளைப் பட்டுப்புடவையோடு பீரோவில் வைத்துப் பூட்டுவது நம் குடும்பங்களின் சம்பிரதாயமாகையால், பரீட்சை முடிந்ததும் பையோடு உள்ளே போன கணினிகள் பல. மாதங்கள் கழித்து எடுத்துப் பொத்தானை அழுத்தினால் உயிர்ப்பில்லை. “தொடவே இல்லையே, எப்படிக் கெட்டது?” என்று வீட்டார் கேட்பது நியாயமான கேள்விதான்.

பதில் பேட்டரியின் சுபாவத்திலேயே இருக்கிறது. கிராபைட் பூசிய தகடு ஒரு பக்கமும், உலோக ஆக்ஸைடு பூசிய தகடு மறுபக்கமும் இருக்க, நடுவிலுள்ள திரவத்தின் வழியே லித்தியம் அயனிகள் போய்வருவதே சார்ஜ் ஏறுவதும் இறங்குவதும். நாம் உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் அத்திரவம் சிறுகச் சிறுகச் சிதைந்து, கிராபைட்டின்மீது ஒரு படலமாகப் படிந்து, லித்தியத்தில் ஒரு பங்கை நிரந்தரமாகச் சிறைப்படுத்திவிடுகிறது. சார்ஜ் நிரம்பி நிற்கும் நிலையும் வெப்பமும் இந்தச் சிதைவைத் துரிதப்படுத்துகின்றன. இதற்கு நேர்மாறாக, முழுவதும் வற்றிய பேட்டரியை மாதக்கணக்கில் கிடக்கவிட்டாலோ, மின்னழுத்தம் அபாய எல்லைக்குக் கீழே இறங்கி, உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று அதைப் பூட்டியே விடுகிறது.

நூறு சதவீத சார்ஜுடன் 25 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு கிடக்கும் பேட்டரி தன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும் என்பதும், 40 டிகிரியில் அந்நஷ்டம் மூன்றில் ஒரு பங்கை எட்டும் என்பதும், 40 சதவீத சார்ஜுடன் 25 டிகிரியில் வைத்தாலோ நூற்றுக்கு நான்கு அளவே குறையும் என்பதும் இத்துறையினர் வழக்கமாகக் காட்டும் கணக்கு. சித்திரை, வைகாசியில் தகரக் கூரையின் கீழ் வாழ்கிறவர்களுக்கு இக்கணக்கின் தாத்பரியத்தை விளக்க வேண்டியதில்லை. மஞ்சள் மண்டியில் காலை முதல் இரவு வரை சார்ஜரிலேயே கிடக்கும் கணக்குக் கணினியும், மெத்தைமேல் காற்றுத்துளை அடைபட்டு ஓடும் மாணவரின் கணினியும் இந்த நஷ்டத்துக்கு உட்பட்டவையே.

“முழுக்க இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்” என்ற உபதேசம் நிக்கல்-காட்மியம் பேட்டரிகளின் காலத்து மிச்சம். 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்ததும், 2019-இல் குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்ததுமான லித்தியம்-அயனி இனத்துக்கு அது தீங்கே விளைவிக்கும்.

ஆகவே, அன்றாட உபயோகத்தில் 20-க்கும் 80-க்கும் இடையே வைத்திருப்பது உத்தமம். எந்நேரமும் சார்ஜரில் இருக்க நேர்ந்தால், பல கணினிகளின் அமைப்பிலேயே உள்ள சார்ஜ் வரம்பை எண்பதிலோ அதற்குக் கீழோ நிறுத்தி வைக்கலாம். மின்தடை அறிவிப்பு வந்த நாளில் நூறு வரை ஏற்றுவதில் பாதகமில்லை. ஏற்றியதைச் செலவழிக்காமல் நாட்கணக்கில் வைத்திருப்பதே பாதகம். பீரோவில் வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், பாதி சார்ஜோடு அணைத்து, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்து, இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் மீண்டும் பாதியளவுக்கு ஏற்றிவிட வேண்டும். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ சார்ஜில் போடவோ கூடாது, குப்பையிலும் எறியலாகாது. தீர்ந்த பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் விதிகள் தயாரிப்பாளர்மேல் சுமத்தியிருக்கின்றன.

பேட்டரி செத்ததனால் கணினியே செத்ததாக எண்ணிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவதும் அவசரம். கழற்றி மாட்டும் பேட்டரி கொண்ட பழைய மாதிரிகளில் பெரும்பாலானவை, அதைக் கழற்றிவிட்டாலும் சார்ஜரைக் கொண்டே இயங்கும்.

இவ்வளவும் லித்தியத்துக்குரிய தர்மம். இதே வீட்டுத் திண்ணையோரம் இருக்கும் இன்வெர்ட்டரின் ஈய பேட்டரிக்கு இந்த விதியைப் பிரயோகித்தால் அது கெட்டே போகும்; அரைகுறைச் சார்ஜில் கிடப்பதே அதற்கு நோய், எப்போதும் நிரம்பியிருப்பதே ஆரோக்கியம். அந்த விபரீதத்தின் காரணத்தை அடுத்த வாரம் ஆராய்வோம்.